1921 பின்னி மில் வேலைநிறுத்தம் பற்றி புராஜெக்ட்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

சங்குச்சத்தம்

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் 40 பக்க புராஜெக்ட் ஒன்று தர வேண்டும். வகுப்பில் சீட்டுப் போட்டதில் எனக்கு "தொழிலாளர் மற்றும் பொருளாதார வரலாறு" வந்தது. பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம், கர்நாடிக்) மில்லில், அதாவது பின்னி மில்லில், 1921-இல் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள்.

இரண்டு வாரமாக இணையத்தில் தேடுகிறேன். எங்கே போனாலும் அதே நான்கு பத்திதான். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், எழுத்துப் பிழை உட்பட. வழிகாட்டி மேடம் "முதன்மை ஆதாரம் இல்லாமல் வராதே" என்று சொல்லிவிட்டார். கையில் இருப்பது ஒன்பது வாரம்.

ஒரு சின்ன சந்தேகமும் உண்டு. ஒரு பக்கத்தில் "ஆறு மாதம் நடந்த வேலைநிறுத்தம்" என்று இருக்கிறது. அதே பக்கத்தில் "ஜூன் முதல் அக்டோபர் வரை" என்றும் இருக்கிறது. எப்படி எண்ணினாலும் ஆறு வரவில்லை. எது சரி?

முத்துநகர்

தலைப்பு வந்தாலே எல்லோரும் சென்னைக்கு ஓடுகிறீர்களே! பதிமூன்று வருஷம் முன்னால் வாங்க. 1908 பிப்ரவரி 27, தூத்துக்குடி கோரல் மில். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிப் பேசித் திரட்டிய போராட்டம். கூலி உயர்வு, வார விடுமுறை எல்லாம் கேட்டு, சில நாட்களிலேயே நிர்வாகத்தை இறங்கி வர வைத்தார்கள். தொழிலாளி ஜெயித்த போராட்டத்தை விட்டுவிட்டுத் தோற்ற போராட்டத்தை ஏன் எடுக்கிறீர்கள் தங்கச்சி?

நூல்கண்டு

முத்துநகர் அண்ணாச்சி, கோரல் மில் நல்ல தலைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மாணவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதாகிறார், மறுநாள் திருநெல்வேலி எழுச்சி. எழுதுகிறவர் கை தானாகவே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பத்தாவது பக்கத்திலேயே மில்லும் தொழிலாளியும் காணாமல் போய், மீதி முப்பது பக்கமும் சுதேசிக் கப்பலும் சிறைச்சாலையுமாக இருக்கும். அது தேசிய இயக்க வரலாறு. இவருக்கு வந்த சீட்டு வேறு.

சங்குச்சத்தம், உங்கள் ஆறு மாதக் குழப்பத்துக்கு வருகிறேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தீர்கள் இல்லையா, பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. பக்கிங்ஹாம் மில் 1876-இல் வந்தது, கர்நாடிக் மில் 1881-இல் வந்தது, 1920-இல்தான் இரண்டும் ஒரே கம்பெனி ஆயின. 1921-இல் எந்த மில்லில், எந்தப் பிரிவில் வேலை நின்ற நாளை முதல் நாளாக ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து மாதக் கணக்கு மாறும். நிர்வாகம் கதவடைத்த நாளிலிருந்து எண்ணுகிறவர் உண்டு, தொழிலாளி வெளியே வந்த நாளிலிருந்து எண்ணுகிறவர் உண்டு. எது சரி என்று எங்களிடம் கேட்காதீர்கள். அன்றன்றைய செய்தித்தாளைப் பார்த்து நீங்களே ஒரு நாள்வாரிப் பட்டியல் போடுங்கள். உங்கள் புராஜெக்டின் முதல் பின்னிணைப்பு அதுதான்.

அடுத்தது, தலைப்பு ரொம்பப் பெரியது. "1921 வேலைநிறுத்தம்: காரணங்களும் விளைவுகளும்" என்றுதானே வைத்திருப்பீர்கள்? அது தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. புராஜெக்டுக்கு வேண்டியது, பதில் தெரியாத ஒரு கேள்வி.

சங்குச்சத்தம்

அப்படியேதான் வைத்திருந்தேன் ஐயா, ஒரு எழுத்து மாறாமல் 😔 சரி, பதில் தெரியாத கேள்வியை எப்படிப் பிடிப்பது? ஒன்றுமே தெரியாதபோது எது தெரியாது என்பதும் தெரியவில்லை.

நூல்கண்டு

முதலில் மூன்று நாள் பின்கதையைப் படியுங்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்குகிறது. பி.பி. வாடியா தலைவர். அடித்தளம் போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். திரு.வி.க. ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருக்கிறார். அப்போது தொழிலாளியின் முதல் குறை என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. 1911 தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. அதில் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் கேட்டை மூடிவிட்டால் என்ன ஆகும்? கூலியைவிட முன்னால் இந்தக் கோபம் வந்தது.

படிக்கும்போது பென்சிலால் "ஏன்?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். இருபது "ஏன்" சேரும். பதினைந்துக்கு யாராவது பதில் எழுதியிருப்பார்கள். மீதி ஐந்தில் ஒன்றுதான் உங்கள் கேள்வி.

ஏட்டுப்பூச்சி

முதன்மை ஆதாரம் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அதுதான் பொழைப்பு.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதலில் போங்கள். கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை, பென்சில். பேனாவைப் பையிலேயே வைத்துவிடுங்கள். அரசாணை கேட்டு எழுதும்போது எண், துறை, நாள் மூன்றும் வேண்டும். எண் மட்டும் எழுதிக் கொடுத்தால் வேறு துறையின் அதே எண் வரும், ஊருக்கு ஊர் கிணறு வெட்டிய கோப்பை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஆகவே முதல் இரண்டு நாள் கோப்பே கேட்காதீர்கள். அட்டவணைத் தொகுதிகளோடு மட்டும் உட்காருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையில் "லேபர்" என்று பார்த்தவுடன் பாய்ந்துவிடாதீர்கள். 1920-இல் சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்று ஒரு பதவி வந்தது. அவர் பொறுப்பில் முக்கியமாக இருந்தது அன்றைக்கு "ஒடுக்கப்பட்ட வகுப்பினர்" என்று அரசு குறிப்பிட்ட மக்களின் நலன்: வீட்டு மனை, கிணறு, பள்ளி. ஆலைத் தகராறைத் தேடிப் போகிறவருக்கு லேபர் என்ற பெயரில் சேரிக் குடிமனைக் கோப்பு வரும். பலர் எரிச்சலோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் தலைப்புக்கு அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

செய்தித்தாள் விஷயம் அடுத்தது. "நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்" என்று அரசு வாராவாரம் தயாரித்த ரகசியச் சுருக்கங்கள் உண்டு. தமிழ், தெலுங்கு, உருதுப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதிகாரிகளுக்குக் கொடுப்பது. மூலப் பத்திரிகை அழிந்துபோன இடத்தில் இதுதான் மிச்சம். ஆனால் இதை வைத்து "சுதேசமித்திரன் இப்படி எழுதியது" என்று மேற்கோள் குறி போட்டுத் தமிழில் எழுதிவிடாதீர்கள். தமிழிலிருந்து அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதை நீங்கள் மறுபடி தமிழாக்குகிறீர்கள். அந்த வாக்கியத்தை அந்தப் பத்திரிகையில் யாரும் எழுதவே இல்லை! சாரத்தை மட்டும் சொல்லி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத்துத் தமிழ் இதழ்கள், சிறு வெளியீடுகள் கிடைக்கும். கன்னிமாராவையும் விடாதீர்கள். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

சங்குச்சத்தம்

ஐயா, வாடியாவின் சொற்பொழிவுத் தொகுப்பு ஸ்கேன் கிடைத்தது. 1921 வெளியீடு. அப்படியானால் வேலைநிறுத்தம் பற்றி நேரடி சாட்சி கிடைத்த மாதிரிதானே?

ஏட்டுப்பூச்சி

இல்லை மா. அச்சான ஆண்டு வேறு, உள்ளே இருக்கிற சரக்கின் ஆண்டு வேறு. அதில் இருப்பது 1918-இலிருந்து அவர் தொழிலாளர் கூட்டங்களில் பேசியவை. 1921 நடுவில் இந்தப் பிரச்சினை வெடித்தபோது அவர் சங்கத்திலேயே இல்லை, திரு.வி.க.தான் முன்னால் நிற்கிறார். பின்னணி அத்தியாயத்துக்கு அந்தத் தொகுப்பு தங்கம். வேலைநிறுத்தத்துக்கு உதவாது.

திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் இதே கவனம் வேண்டும். அது 1944-இல் வந்தது. நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, களத்தில் இருந்த ஒருவரே எழுதியது. நிகழ்ச்சியின் சூட்டுக்கு அதைப் படியுங்கள், தேதிக்கும் எண்ணிக்கைக்கும் வேறு இடத்தில் சரிபாருங்கள்.

வழக்குமேடை

வாடியா ஏன் இல்லை என்பதே தனிக்கதை. 1920 கடைசியில் நடந்த தகராறில் பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை முறிக்கும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று சொல்லித் தலைவர்கள் மேல் நஷ்டஈட்டு வழக்கு. நீதிமன்றம் தடையுத்தரவும் போட்டது. அன்றைக்கு இங்கே தொழிற்சங்கத்துக்கு என்று சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வழக்கைக் கைவிட வேண்டுமானால் வாடியா விலக வேண்டும் என்று வந்து முடிந்தது. ஆலை வாசலில் தோற்காதவர் கோர்ட்டுப் படியில் தோற்றார்.

இந்த வழக்குதான் நாடு முழுக்க ஒரு அதிர்ச்சி கொடுத்தது. 1921 மார்ச்சில் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் வர 1926 ஆனது. அதன் 18-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பதிவு பெற்ற சங்கத்தின் மேல், வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியதாகச் சொல்லி சிவில் வழக்குப் போட முடியாது என்று இருக்கும். பெரம்பூரில் பட்ட அடி அந்தப் பிரிவில் அப்படியே பதிந்திருக்கிறது. சட்டக் கல்லூரியில் பிரிவை மனப்பாடம் செய்தேன், எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கணக்கன்

எல்லோரும் சங்கம், வழக்கு என்றே பேசுகிறீர்கள். சீட்டில் "பொருளாதார" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

கூலி, விலை இரண்டையும் தொடாமல் இந்தப் புராஜெக்ட் நிற்காது. முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறுகிறது. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடும் அளவுக்குப் போகிறது. அந்த ஆண்டேதான் சங்கம் பிறக்கிறது. ஆக, "கூலி ஏறியதா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வி. "அந்தக் கூலிக்கு எவ்வளவு அரிசி வந்தது?" என்று கேளுங்கள்.

இனி என் மானம் போன கதை. எம்.ஃபில். செய்தபோது பழைய விலைப்பட்டியலை எடுத்துக் கிராஃப் போட்டேன். போர்க்காலத்தில் அரிசி விலை சரசரவென்று இறங்குகிறது! ஆஹா, இதுவரை யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். வைவாவுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பெரியவர் பட்டியலின் தலைப்பைப் படிக்கச் சொன்னார். "ஒரு ரூபாய்க்கு இத்தனை சேர்." சேர் என்பது அந்தக் காலத்து அளவு. அதாவது ரூபாய்க்கு எவ்வளவு அரிசி என்று போட்டிருக்கிறார்கள், அரிசிக்கு எவ்வளவு ரூபாய் என்று இல்லை. எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அத்தியாயம் தலைகீழ், நானும் தலைகீழ்.

பேச்சுக்கு ஒரு கணக்கு: ரூபாய்க்கு 8 சேர் கிடைத்தது 5 சேர் ஆகிவிட்டால், பட்டியலில் எண் 37.5 சதவீதம் குறைகிறது. ஆனால் விலை ஏறியது 60 சதவீதம். 8 சேர் இருந்தபோது ஒரு சேர் 2 அணா, 5 சேர் ஆனபோது 3 அணாவும் சில்லறையும். "40 சதவீதம் போல விலை உயர்ந்தது" என்று எழுதினால் அதுவும் தப்பு.

அடுத்து அணா, பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. பட்டியலில் 15-6-4 என்று இருந்தால் அதை எக்ஸலில் 15.64 என்று அடிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 6 அணா 4 பை என்பது 76 பை, 192-ஆல் வகுத்தால் 0.396. ஆக அது 15 ரூபாய் 40 காசு போல வரும். நூறு வரி இப்படி அடித்துவிட்டுச் சராசரி எடுத்தால் என்ன மிஞ்சும்?

அப்புறம், கம்பெனி சொல்கிற கூலியும் கைக்கு வந்த கூலியும் ஒன்றல்ல. அபராதம் பிடித்தது உண்டா, போனஸ் எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள், மேஸ்திரிக்கு என்ன போனது என்று பாருங்கள். 1929-இல் இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க விட்லி தலைமையில் அமைத்த ராயல் கமிஷனின் சாட்சியத் தொகுதிகளில் சென்னை மாகாணத்துக்குத் தனித் தொகுதி இருக்கிறது. முதலாளி சொன்னது, சங்கம் சொன்னது இரண்டும் பக்கம் பக்கமாக உண்டு. எட்டு வருஷம் பிந்தியது என்பதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

சங்குச்சத்தம்

பத்து நாளாக இங்கே வரவில்லை, மன்னிக்கவும். காப்பகத்தில் அட்டவணையோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன் (ஏட்டுப்பூச்சி ஐயா, கிணறு கோப்பு ஒன்று வந்தது, திருப்பிக் கொடுக்கவில்லை!).

நான் கேட்க வந்தது வேறு. கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்.

பாட்டியிடம் பேசிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாட்டிக்கு 79 வயது. முதலில் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும், முதல் சங்கு, இரண்டாம் சங்கு, அதற்குள் அப்பாவுக்குத் தூக்குவாளி கட்டிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினார், நடுவில் ஓட்டை, அதில் இன்னும் கறுப்புக் கயிறு. நான் குஷியாகி, "1921 ஸ்ட்ரைக்கில் உங்கள் தாத்தா இருந்தாராமே?" என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டார். "நாம வேலைக்குப் போனவங்கம்மா. அதுக்குத்தான் நம்ம குடிசைய எரிச்சாங்க. அந்தப் பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றார். எந்தப் பெயர் என்று கேட்டேன். "கருங்காலி." அவ்வளவுதான், அதற்குமேல் பேசவில்லை.

நான் படித்த எல்லாப் பக்கத்திலும் வேலைநிறுத்தத்தை "உடைத்தவர்கள்" என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரி எங்கள் வீடு. இதை எழுதலாமா? எழுதினால் நடுநிலை இல்லை என்று மதிப்பெண் குறைப்பார்களா?

செம்மண்

சகோதரி, மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் வர்க்கப் போராட்டத்தில் வேலைக்குப் போனவர் கருங்காலிதான், எந்தச் சாதியாக இருந்தாலும். ஒற்றுமையை உடைத்ததால்தான் போராட்டம் தோற்றது. வரலாறு கசக்கத்தான் செய்யும்.

ஏட்டுப்பூச்சி

செம்மண், "ஒற்றுமையை உடைத்தார்கள்" என்றால் முன்னால் ஒற்றுமை இருந்தது என்று அர்த்தம். இருந்ததா என்று முதலில் காட்ட வேண்டும். சங்கத்தின் தலைமையில் ஆதிதிராவிடத் தொழிலாளர் எத்தனை பேர்? முந்தைய ஆண்டுக் கதவடைப்பில் கூலி இல்லாத நாட்களை யார் எப்படிச் சமாளித்தார்கள்? கடன் கொடுக்கக் கடைக்காரர் யாருக்கு இருந்தார், யாருக்கு இல்லை? இதெல்லாம் தெரியாமல் ஒரு சொல்லை ஒட்டிவிட்டுப் போவது பத்திரிகை வேலை, அதுவும் அன்றைக்கே செய்து முடித்த வேலை.

"கருங்காலி" என்ற சொல்லை நீக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல்லே ஒரு ஆதாரம். யார் யாரைச் சொன்னார்கள், எந்தத் தேதியிலிருந்து என்று தேடுங்கள். ஆனால் உங்கள் சொந்த வாக்கியத்தில், மேற்கோள் குறி இல்லாமல், அது வரக்கூடாது.

செம்மண்

நிர்வாகம் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டது என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

ஏட்டுப்பூச்சி

தாராளமாக. நிர்வாகத்துக்கும் அரசுக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் பயன்படுத்தப்பட்டவருக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருந்திருக்கும் அல்லவா? எம்.சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு நீங்கள் சொல்வது பதில் ஆகாது.

நெறியாளர்

இதற்குக் கீழே இருந்த பதினோரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இன்றைய கட்சிகளைப் பற்றி அங்கே போய்ப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே புராஜெக்ட் மட்டும்.

நூல்கண்டு

சங்குச்சத்தம், நீங்கள் தேடிக்கொண்டிருந்த "ஏன்" பாட்டியின் முறத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. மில்லுக்குப் பக்கத்துப் புளியந்தோப்பின் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் 1921-இல் ஏன் வேலைக்குப் போனார்கள்? அதுதான் கேள்வி. பதில் இங்கே ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது, பார்த்தீர்களா, பதினோரு பதிவு சண்டை.

நடுநிலை பற்றிப் பயப்பட வேண்டாம். முன்னுரையிலேயே "என் குடும்பம் இந்தப் பக்கம் இருந்தது" என்று ஒரு பத்தி வெளிப்படையாக எழுதுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை. சங்கத் தலைவர் எழுதியதும், கம்பெனி எழுதியதும், போலீஸ் எழுதியதும் ஆதாரம் என்றால் உங்கள் பாட்டி சொன்னதும் ஆதாரம்தான். எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலியுங்கள்.

அந்தச் சல்லடை இப்படி. பாட்டி பிறந்தது 1940-களில். சங்கு, தூக்குவாளி, பித்தளை வில்லை எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது, 1950-களின் மில். அதை 1921-க்கு ஏற்றிவிடாதீர்கள். குடிசை எரிந்தது அவர் பார்த்ததல்ல, காதால் கேட்டது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் பிறந்தும் அந்தப் பெயர் அவர் காதில் விழுந்திருக்கிறது என்றால், அது அவர் நேரில் அனுபவித்தது. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வில்லையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, நீளம் அகலம் எழுதி வையுங்கள். கழுவி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள்! கயிறும் இருக்கட்டும்.

மறுபடி அவரிடம் "ஸ்ட்ரைக்" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் யார் யார் வீடு, தண்ணீர் எங்கே பிடிப்பது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவார்கள் என்று கேளுங்கள். அதற்குள் எல்லாம் வரும். வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பாட்டிதானே என்று இருந்துவிடாமல்.

ஏட்டுப்பூச்சி

வேலைத் திட்டம் ஒன்று சொல்கிறேன். ஐந்து மாதத்தையும் தேடாதீர்கள், ஆறு வாரத்தில் முடியாது. ஒரே ஒரு வாரத்தை எடுங்கள். 1921 ஆகஸ்ட் 29-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஏழு நாள். அந்த ஏழு நாளை நான்கு பத்திரிகையில் படியுங்கள். மெட்ராஸ் மெயில் வெள்ளைக்கார வியாபாரிகளின் குரல். இந்து காங்கிரஸ் பக்கம் சாய்ந்தது. ஜஸ்டிஸ் நீதிக்கட்சியின் பத்திரிகை. நியூ இந்தியா பெசன்ட் அம்மையாருடையது, சங்கம் பிறந்த காலத்தில் அதற்குத் தோள் கொடுத்தவர்களின் பத்திரிகை, ஆனால் 1921-இல் பெசன்ட் ஒத்துழையாமையை எதிர்க்கிறார். ஒரே சம்பவம் நாலு விதமாக வரும்.

ஜஸ்டிஸை விசேஷமாகப் பாருங்கள். ஆட்சி நீதிக்கட்சியுடையது. ஆனால் காவல் துறை அமைச்சர்கள் கையில் இல்லை, இரட்டையாட்சியில் (சில துறை அமைச்சர்களிடம், சில துறை கவர்னர் பக்கம்) அது கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். கட்சித் தலைவர் தியாகராய செட்டியோ, அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று குறை சொல்கிறார். அதே கட்சியில் எம்.சி. ராஜாவும் இருக்கிறார், சட்டசபையில் நியமன உறுப்பினர். 1923-இல் அவர் கட்சியை விட்டு விலகினார். அந்த விரிசலில் புளியந்தோப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டசபை விவாதத் தொகுதிகளில் இரு தரப்புப் பேச்சும் அச்சில் இருக்கிறது, அதிகாரியின் சுருக்கம் இல்லை, பேசியவர் பேச்சு.

இப்போது புரிகிறதா, லேபர் என்று பெயர் போட்ட கோப்பை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றேன்?

முத்துநகர்

நான் கோரல் மில்லுக்குக் கொடி பிடித்ததை வாபஸ் வாங்குகிறேன் தங்கச்சி. இதை எழுது.

சங்குச்சத்தம்

நான்கு வாரம் கழித்து வருகிறேன். தலைப்பை மாற்றிவிட்டேன்: "புளியந்தோப்பிலிருந்து மில்லுக்கு: 1921-இல் வேலைக்குப் போனவர்கள், நான்கு பத்திரிகைகளில் ஒரு வாரம்." மேடம் படித்துவிட்டு "நீளமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அது பாராட்டு.

மைக்ரோஃபிலிம் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. இரண்டு பத்திரிகை முடிந்தது. நான் எதிர்பார்க்காதது ஒன்று: வேலைநிறுத்தம் செய்தவர்களுக்காவது தலைவர் பெயர் இருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத கும்பலாகவே வருகிறார்கள், அவர்களுக்குப் பரிந்து எழுதுகிற இடத்திலும் கூட. இதை ஒரு பட்டியலாகப் போட்டிருக்கிறேன், எந்தப் பத்தியில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று.

கணக்கன் அண்ணா, உங்கள் சேர் கணக்கு உயிரைக் காப்பாற்றியது. என் தோழி தன் புராஜெக்டில் கிராஃபைத் தலைகீழாகப் போட்டிருந்தாள், நேற்று திருத்திக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பாட்டி சொன்னதற்கு அடிக்குறிப்பு எப்படிப் போடுவது? பெயர் போட வேண்டாம் என்கிறார்.

நூல்கண்டு

"நேர்காணல், பெண், 79 வயது, முன்னாள் ஆலைத் தொழிலாளியின் மகள்" என்று போட்டு, ஊர், தேதி, பதிவு யாரிடம் இருக்கிறது என்பதைச் சேருங்கள். பெயரைத் தவிர்த்தது அவர் விருப்பம் என்று ஒரு வரி. போதும்.

சங்குச்சத்தம்

நன்றி ஐயா. நேற்று ஜெராக்ஸ் தாள்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தேன். பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "இதுல நம்ம தெரு பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். இரண்டு பத்திரிகையில் தேடியாயிற்று, இல்லை. இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை போகிறேன்.